சாம்பல் சேணம்
இலங்கையின் மிரிஸ்ஸ கடலில் ஓர்க்கா (கொலைத் திமிங்கிலம்) தென்பட்டதாகப் படம் வந்தால், அது எந்த ஓர்க்கா என்று அறிய முதலில் பார்க்கவேண்டியது முதுகுத் துடுப்பின் வெட்டையும் அதன் பின்னால் சேணம்போல் படர்ந்த சாம்பல் திட்டையும்தான். 1970களில் கனடாவின் மேற்குக் கரையில் கடல் உயிரியலாளர் மைக்கேல் பிக் காட்டிய வழி அது. நமக்குக் கைரேகை எப்படியோ, ஓர்க்காவுக்கு அந்தத் திட்டு. படகு ஆட்டத்தில் மங்கலாக விழுந்த படத்தால் என்ன பயன் என்று கேட்கலாம். அலைக்கு மேல் குட்டைத் துடுப்பு மட்டும் தெரிந்தால் அது வேறு இனமாகவும் இருக்கலாம், உண்மைதான். ஆனால் கண்ணுக்குப் பின்னே ஓர்க்காவுக்கே உரிய வெள்ளைத் திட்டு தெரிந்தாலே இனம் உறுதியாகிவிடும்; எந்த ஓர்க்கா என்று சொல்லத்தான் தெளிவான படம் வேண்டும். படம் குறையும் காலமும் உண்டு: தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், மிரிஸ்ஸ உள்ள தெற்குக் கரையில் திமிங்கிலம் பார்க்கப் போகும் படகுகள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். அப்போது பதிவில்லை என்பதற்காக ஓர்க்காவே இல்லை என்று கணக்கெழுதுவது தவறு. பார்க்கத்தான் அங்கே ஆளில்லை.