முதலில் எந்தப் புத்தகம்?

சொத்துச் சட்டம் படிக்க வரும் பெண்களிடம் மெய்னையும் முல்லாவையும்தான் முதலில் நீட்டுகிறார்கள். எனக்கு இந்த வரிசையில் உடன்பாடில்லை.

1989இல் தமிழ்நாடு மகளையும் பங்காளி ஆக்கியது. ஆனால் அவ்வாண்டு மார்ச் 25க்கு முன் மணமானவர்களை வெளியே நிறுத்தியது. 2005இல் மத்தியத் திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. இதையெல்லாம் புதிய பதிப்புகளில் படிக்கலாம். ஆனால் பங்கு கிடைத்த மகள் ஏன் அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தருகிறாள்? “அதான் சீர் செஞ்சாச்சே”, “பொறந்த வீடு வேணாமா?” என்ற பேச்செல்லாம் எந்தச் சட்டப்பிரிவில் வருகிறது?

அந்தக் கேள்வியைக் கேட்ட நூல், நிலவுரிமை குறித்து பீனா அகர்வால் 1994இல் எழுதியது. சட்டம் தரும் உரிமை வேறு, கைக்கு வரும் நிலம் வேறு என்று அது காட்டுகிறது.

‘புளியந்தோப்பில் வயல் ஏது?’ என்பார்கள். இங்கே வாரியக் குடியிருப்பின் ஒதுக்கீட்டு ஆணை இருக்கிறது. அதில் யார் பெயர்? அவர் இறந்தால் மகனுக்கா, மகளுக்கா? அதே கேள்விதான்.

வழக்காட முல்லா வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் தோழிகளே, அகர்வாலை முதலில் படியுங்கள். கையெழுத்துக் கேட்டு வீட்டுக்குப் பத்திரம் வருவதற்கு முன்பே படியுங்கள்.