நான்கு மூட்டை யூரியாவுக்கு எத்தனை கிலோ ஃபோர்க்?

சிறு டிராக்டருக்கு முன்பக்க லோடர் மாட்டியவர் அடுத்த பருவத்துக்குள் பேலட் ஃபோர்க் கேட்டு வந்துவிடுகிறார். பக்கெட்டில் மண்ணும் எருவும் அள்ளிப் பழகியபின் உர மூட்டை, நாற்றுத் தட்டு, சொட்டுநீர்க் குழாய்ச் சுருள் என்று எல்லாவற்றையும் ஆள் வைக்காமல் தூக்கிவிடத் தோன்றும். நியாயமான ஆசைதான். சிக்கல் கடை வாசலில் ஆரம்பிக்கிறது. "ரெண்டு டன் ஃபோர்க் சார், தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்கிறார் விற்பவர். அவர் சொல்வது பொய்யில்லை. ஃபோர்க்கின் நிமிர்ந்த பகுதியைத் துடைத்துப் பார்த்தால் '1000 × 500' என்பதுபோல ஒரு பொறிப்பு இருக்கும். நிமிர்ந்த பகுதியின் முகத்திலிருந்து 500 மி.மீ. தள்ளி 1000 கிலோ வைத்தால் அந்த ஒற்றை ஃபோர்க் தாங்கும் என்று பொருள். ஜோடிக்கு ரெண்டு டன். ஆனால் அதை மாட்டப்போகும் 27, 28 குதிரைத்திறன் டிராக்டரின் லோடர் அதில் பத்தில் ஒரு பங்கைத் தூக்கினாலே பெரிது.

எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒருமுறையாவது கையால் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது.

ஒரு லோடரின் விவர ஏட்டில் 'முழு உயரத்தில் 500 கிலோ' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்த எண் பெரும்பாலும் பக்கெட் மூட்டில் அளந்தது. அதாவது எடை முழுதும் பக்கெட்டைப் பூமோடு இணைக்கும் அந்த முளைமேலேயே உட்கார்ந்திருப்பதாகக் கற்பனை. நிஜத்தில் எந்தச் சுமையும் அங்கே உட்காராது. நல்ல ஏடுகள் மூட்டிலிருந்து 500 மி.மீ. முன்னே அளந்த இன்னோர் எண்ணையும் தருகின்றன. அது எப்போதும் சின்ன எண். விளம்பரத்தில் வராத எண்.

பூம் டிராக்டரோடு சேரும் மேல் மூட்டிலிருந்து பக்கெட் மூட்டுவரை, முழு உயரத்தில், கிடைமட்டத் தூரம் 1.2 மீட்டர் என்று கொள்ளுங்கள். 500 கிலோவை அங்கே தூக்கும் சிலிண்டருக்கு 600 கிலோமீட்டர் அளவு திருப்புவிசை இருக்கிறது (கிலோவை மீட்டரால் பெருக்கியது, தூரத்தைச் சொல்லும் கிலோமீட்டர் அல்ல). கப்ளரும் ஃபோர்க் சட்டமும் சேர்ந்து ஃபோர்க்கின் முகத்தை மூட்டிலிருந்து 150 மி.மீ. முன்னே தள்ளுகின்றன. 1200 × 1000 பேலட்டை நீளவாக்கில் எடுத்தால் சுமையின் மையம் அங்கிருந்து 600 மி.மீ. ஆக, மேல் மூட்டிலிருந்து 1.95 மீட்டர். 600-ஐ 1.95-ஆல் வகுத்தால் 308 கிலோ. இதிலிருந்துதான் ஃபோர்க்கே தன் பங்கை எடுத்துக்கொள்ள வேண்டும். 'ரெண்டு டன்' ஜோடியும் சட்டமும் சேர்ந்து 140 கிலோ, அதன் எடைமையம் மூட்டிலிருந்து 350 மி.மீ. முன்னே என்றால் 217 போய்விடுகிறது. மீதி 383, சுமைக்கு 196 கிலோ.

யூரியா மூட்டை 45 கிலோ. நான்கு மூட்டை 180, மரப் பேலட் 20. கணக்கு அதோடு முடிந்தது. 5 கிலோ தென்னை நார்க்கழிவுக் கட்டிகளை 200 அடுக்கிய ஒரு டன் பேலட்டைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம்.

இப்போது அதே லோடரில் 90 கிலோ எடையுள்ள ஃபோர்க்கைப் போடுங்கள். 80 மி.மீ. அகலம், 30 மி.மீ. தடிமன், மெல்லிய சட்டம். சுமைக்கு 236 கிலோ கிடைக்கிறது. பேலட் போக ஏறக்குறைய ஐந்து மூட்டை. இந்த ஒரு மூட்டையைக் கொடுத்தது ஹைட்ராலிக் பம்போ எஞ்சினோ அல்ல, ஃபோர்க்கில் குறைந்த 50 கிலோ இரும்பு. கனமாக இருந்தால்தான் பலம் என்று வாங்குபவரும் நினைக்கிறார், பட்டறைக்காரரும் நினைக்கிறார். எட்டு டன் எடையுள்ள இயந்திரத்துக்கு அது சரி. சிறு டிராக்டருக்கு ஃபோர்க் தேர்வது என்பது, பத்திரமாகத் தாங்கக்கூடியவற்றுள் எது எடை குறைந்தது என்று தேடுவதுதான். ஐ.எஸ்.ஓ. 2328 வகைப்பாட்டில் முதல் வகுப்பு ஃபோர்க் 1000 கிலோவுக்குக் கீழ்ப்பட்டது. இரண்டாம் வகுப்பு 1000 முதல் 2500 வரை. சந்தையில் தாராளமாகக் கிடைப்பது இரண்டாம் வகுப்பு என்பதால் எல்லோர் தலையிலும் அதுவே கட்டப்படுகிறது.

பக்கெட் உதட்டில் திருகி மாட்டும் ஃபோர்க்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. விலை குறைவு, ஐந்து நிமிடத்தில் மாட்டலாம், அதனால் விற்கிறது. மேலே பார்த்த லோடரில் 100 கிலோ பக்கெட்டும் அப்படியே இருக்க, 45 கிலோ ஃபோர்க் ஜோடியை உதட்டில் மாட்டினால் சுமையின் மையம் இன்னும் அரை மீட்டர் அளவுக்கு முன்னே போகிறது. மிஞ்சுவது 150 கிலோகூட இல்லை. உதடு வளைவது வேறு கதை. இரண்டு ஃபோர்க்குகளுக்கு நடுவே உதடு மேலே எழும்பி நிற்கும் பக்கெட்டுகளை எந்தப் பட்டறையிலும் பார்க்கலாம். தழை, வைக்கோல் கட்டு, காலிக் கூடை ஆகியவற்றுக்கு இது போதும். மூட்டைக்கு வேண்டாம்.

அடுத்து, உள்ளூர்ப் பட்டறையில் செய்யும் ஃபோர்க். இதை எழுதினால் சில நண்பர்களுக்குக் கோபம் வரும், பரவாயில்லை. எம்.எஸ். பிளேட்டை வெட்டி, எல் வடிவில் வைத்து மூலையில் வெல்டிங் போட்டுக் கொடுக்கிறார்கள். சுமை கொடுக்கும் வளைவு விசை உச்சத்தில் இருப்பது அந்த மூலையில்தான். பலவீனமான இணைப்பைக் கொண்டுபோய் அதிக அழுத்தமுள்ள இடத்திலேயே வைக்கிறோம். நிலையாக நிற்கும் சுமைக்கு எம்.எஸ். பிளேட்டே போதும் என்று காகிதத்தில் காட்டிவிடலாம். வரப்பில் முன்சக்கரம் இறங்கி ஏறும்போது அந்தச் சுமை ஒரு கணம் இரட்டிப்பாகும், காகிதம் அதைப் பார்க்காது. தரமான ஃபோர்க் ஒரே அலாய் ஸ்டீல் துண்டைச் சூடாக்கி வளைத்து வெப்பப் பதம் செய்தது. மூலையில் தடிமன் கூடியிருக்கும், வெல்டிங் இருக்காது. அதில் பிறகு ஓட்டை போடுவதும், தேய்ந்த இடத்தில் வெல்டிங் ஊற்றுவதும் அந்தப் பதத்தைக் கெடுக்கும். சட்டத்தை உள்ளூரில் செய்யுங்கள், நன்றாகவே செய்கிறார்கள். ஃபோர்க்கை மட்டும் பொறிப்பு உள்ளதாக வாங்குங்கள்.

தடிமனை அளக்க மறக்க வேண்டாம். பலம் தடிமனின் வர்க்கத்தோடு போகிறது. 35 மி.மீ. இருந்த இடத்தில் 25 மி.மீ. போட்டால் பலம் பாதியாகிறது. பயன்பாட்டில் உள்ள ஃபோர்க் மூலையில் பத்து விழுக்காடு தேய்ந்தால் அதைக் கழற்றிவிட வேண்டும் என்று ஆய்வு விதிகள் சொல்வதும் இதனால்தான். பத்து விழுக்காடு தேய்மானம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பலத்தைத் தின்றுவிடும். பழைய ஃபோர்க்லிஃப்ட்டிலிருந்து கழித்த ஜோடியை மலிவாக வாங்குபவர் ஒரு வெர்னியரோடு போவது நல்லது. அந்த ஜோடிகள் கழிக்கப்பட்டதற்குக் காரணம் இருக்கும்.

நீளம்: 42 அங்குலம் பெரும்பாலான வேலைக்குச் சரி. 48 அங்குலம் பேலட்டைத் தாண்டி அடுத்த அடுக்கைக் குத்தும், அதன் எடையும் வெகு முன்னே உட்காரும். நாற்றங்கால் போன்ற நெருக்கமான இடத்தில் 36 அங்குலமே வசதி.

கப்ளர் விஷயத்தில் ஒரே சொல்: மாட்டும் முறைக்காக அடாப்டர் போடாதீர்கள். ஸ்கிட் ஸ்டியர் தட்டு, யூரோ கொக்கி, நேரடி முளை என்று லோடரில் எது இருக்கிறதோ அதற்கே சட்டம் செய்யச் சொல்லுங்கள். அடாப்டர் 100 மி.மீ. முன்னே தள்ளினாலே தூக்கும் அளவில் ஐந்து விழுக்காடு போகிறது, அதன் சொந்த எடை தனி.

இத்தனையும் சிலிண்டர் தூக்குமா என்ற கேள்வி. டிராக்டர் நிற்குமா என்பது வேறு கேள்வி, அதைத்தான் நம் விற்பனையாளர்கள் கேட்பதே இல்லை. முன்னே 300 கிலோ தொங்கும்போது பின்சக்கரம் லேசாகிறது. சிறு டிராக்டர்களில் பிரேக் பெரும்பாலும் பின்சக்கரத்தில் மட்டுமே. சரிவில் இறங்கும்போது பின்சக்கரம் பிடிப்பை இழந்தால் மிதிக்கும் பிரேக்குக்கு வேலையில்லை, வண்டி தன்போக்கில் ஓடும். எனவே சுமையோடு இருக்கும்போது நான்கு சக்கர இயக்கம் போட்டே இருக்கட்டும். முன்சக்கரமும் எஞ்சினோடு கட்டுண்டிருக்கும். பின்டயரில் தண்ணீர் நிரப்பினால் போதும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது பின்பக்கம் எழாமல் தடுக்கும், ஆனால் முன் ஆக்ஸிலின் பாரத்தை ஒரு கிலோகூடக் குறைக்காது. குறைக்க வேண்டுமானால் எடை பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் தொங்க வேண்டும்: மூன்று புள்ளி இணைப்பில் ஒரு கான்கிரீட் பெட்டி, அல்லது எப்படியும் வீட்டில் இருக்கும் ரோட்டவேட்டர். ஒருமுறை எடைமேடைக்குக் கொண்டுபோய் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி, சுமையோடும் பின்எடையோடும் எடுத்துப் பாருங்கள். அந்த எண்ணை டயரின் பக்கவாட்டிலும் ஆக்ஸில் விவரத்திலும் உள்ள வரம்போடு ஒப்பிட ஐந்து நிமிடம் ஆகாது.

பின்தடுப்புக் கம்பியை 'தேவையில்லாத இரும்பு' என்று கழித்துவிடுபவர்கள் உண்டு. எடை குறைப்பதைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இதைச் சொல்வது முரணாகத் தோன்றலாம். சாதாரண லோடரில் பூம் ஏற ஏற ஃபோர்க்கின் நுனி மேல்நோக்கிச் சாயும். ஓட்டுநர் கவனித்து இறக்காவிட்டால் மேல் மூட்டை பூமின்மேல் உருண்டு நேராக இருக்கைக்கு வரும். தடுப்பு இருக்கத்தான் வேண்டும், ஆனால் கனமான ஆங்கிளில் அல்ல. இடைவெளி விட்ட மெல்லிய குழாயில் செய்தால் தாழ்ந்த இருக்கையிலிருந்து நுனியும் தெரியும்.

விற்பவர்களுக்கு ஒரு கோரிக்கை. கொட்டேஷனில் 'ரெண்டு டன்' என்று எழுதுவதை நிறுத்திவிட்டு, ஃபோர்க்கும் சட்டமும் சேர்ந்த எடை, கப்ளர் முகத்திலிருந்து ஃபோர்க் முகம்வரை உள்ள தூரம், மூலையின் தடிமன் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். லோடர் விற்பவர் 500 மி.மீ. முன்னே தூக்கும் அளவையும், அதில் பக்கெட் எடை கழித்ததா இல்லையா என்பதையும் எழுதட்டும். இவையெல்லாம் கையில் இருந்தால் வாங்குபவர் தன் மூட்டைக் கணக்கைத் தானே போட்டுக்கொள்வார்.