மருந்து அடிக்கும் முன் பூச்சியின் முகத்தைப் பாருங்கள்

"கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கையில் உள்ள புண் கண்ணுக்கு நேரே தெரியும். ஆனால் பயிருக்கு வந்த புண் அப்படித் தெரிவதில்லை. இலையின் அடியில் வெள்ளையாக ஏதோ இருக்கிறது என்பது மட்டுமே தெரியும். அது பயிரைத் தின்ன வந்த பூச்சியா, அந்தப் பூச்சியைத் தின்ன வந்த பூச்சியா என்பது வெறும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இது தெரியாமல் மருந்து அடித்தால் பணமும் போகும், பயிருக்குக் காவலும் போகும்.

இந்தத் தவறை விவசாயிகள் மட்டும் செய்வதில்லை. முனைவர் பட்டம் பெற்ற நானே செய்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பழநிப் பக்கத்திலிருந்து ஒரு கொய்யா விவசாயி தம் செல்போனில் எடுத்த படம் ஒன்றை எனக்கு அனுப்பினார். நாற்பது மரங்கள் வைத்திருப்பவர். படம் மங்கலாக இருந்தது. காய்க் காம்பில் வெள்ளைப் பஞ்சு போல நாலைந்து புள்ளிகள் தெரிந்தன. மாவுப்பூச்சி என்று முடிவு செய்து, அடிக்க வேண்டிய மருந்தையும் அளவையும் எழுதி அனுப்பினேன். அவரும் அப்படியே அடித்தார். மூன்று வாரம் கழித்து அந்தப் பக்கம் போனபோது தோட்டத்துக்குச் சென்றேன். மாவுப்பூச்சி முன்னைவிட அதிகமாக இருந்தது. அடிமரத்தின் பட்டை இடுக்கில், பஞ்சு போன்ற உடலோடு காய்ந்து கிடந்தவற்றை எடுத்துக் கைலென்ஸில் பார்த்தேன். அவை மாவுப்பூச்சிகள் அல்ல. மாவுப்பூச்சியைத் தின்னும் ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழுக்கள். அடுத்த தோட்டத்துக்காரர் காசு கொடுத்து வாங்கிவிட்ட வண்டுகள் இங்கேயும் வந்து முட்டையிட்டிருக்கின்றன. அவற்றைத்தான் நான் கொல்லச் சொன்னேன்.

"ஏங்க சார், போட்டோவைப் பார்த்துத்தானே அடிக்கச் சொன்னீங்க?" என்று அவர் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்று முதல் தெளிவில்லாத படத்தைப் பார்த்து மருந்து சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன்.

உருவ ஒற்றுமை செய்யும் கேடு

கிரிப்டோலேமஸ் எனப்படும் இந்தப் பொறிவண்டு 1898ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. இதன் புழு உடல் முழுதும் வெள்ளை மெழுகு இழைகளைப் போர்த்திக் கொண்டு, மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே அதன் வேடத்திலேயே இருக்கும். கிட்டத்தில் பார்த்தால் வேறுபாடு தெரியும். புழுவின் மெழுகு இழைகள் நீளமாகவும் ஒழுங்கின்றியும் இருக்கும். வளர்ந்த புழு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். மாவுப்பூச்சி மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். தொட்டால் புழு விரைந்து நடக்கும். மாவுப்பூச்சி மெல்ல நகரும்.

இது போல இன்னும் பல உண்டு. நெல்வயலில் பச்சைத் தத்துப்பூச்சி என்று எண்ணி அடிக்கப்படுபவற்றில், புகையானின் முட்டைகளை உறிஞ்சி அழிக்கும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும் இருக்கும். நாவாய்ப்பூச்சிக்கு உணர்கொம்பு நீளம். தத்துப்பூச்சிக்கு அது மயிர் போலக் குட்டையாக இருக்கும்.

தென்னையில் 2016ஆம் ஆண்டு பொள்ளாச்சிப் பகுதியில் சுருள் வெள்ளை ஈ தோன்றியபோது பலரும் மருந்தைத்தான் தேடினார்கள். ஆனால் என்கார்சியா என்ற சின்னஞ்சிறு குளவி அந்த ஈயின் இளம்பருவத்துக்குள் முட்டையிட்டு அதை அழிக்கிறது. அவ்வாறு முட்டையிடப்பட்டவை கறுத்துப் போகும். குளவி வெளியேறிய கூட்டில் வட்டத் துளை இருக்கும். வெள்ளை ஈயே வெளியேறியிருந்தால் மேல்தோல் பிளந்திருக்கும். கறுத்தவையும் வட்டத் துளைகளும் நிறையத் தெரிந்தால் குளவி வேலை செய்கிறது என்று பொருள். அந்தத் தோப்பில் மருந்து அடிப்பது நமக்காக வேலை செய்யும் கூலியாளை அடித்து விரட்டுவது போலாகும்.

மக்காச்சோளத்தில் 2018ஆம் ஆண்டு வந்த அமெரிக்கன் படைப்புழுவை எடுத்துக் கொள்ளுங்கள். தலையில் தலைகீழான 'ஒய்' எழுத்துப் போன்ற கோடு, வால்பக்கத்தில் கடைசிக்கு முந்திய கண்டத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள்: இவையே அடையாளம். புழு குருத்துக்குள் இறங்குவதற்கு முன், சிறிதாக இருக்கும்போதே கண்டால்தான் பயன். அப்போது இந்த அடையாளங்களை வெறும் கண்ணால் காண்பது அரிது.

அடையாளம் தவறினால் பெரிய விஞ்ஞானிகளின் உழைப்பும் வீணாகும். 1970களில் ஆப்பிரிக்காவில் மரவள்ளியை மாவுப்பூச்சி அழித்தபோது, அதன் எதிரியைத் தேடித் தென் அமெரிக்காவுக்குப் போனார்கள். வடபகுதியில் அதே போன்ற மாவுப்பூச்சி கிடைத்தது. அதன் ஒட்டுண்ணிகளைக் கொண்டுவந்தும் பலன் இல்லை. பார்வைக்கு ஒன்று போல் இருந்தாலும் அது வேறு இனம். பிறகு 1981இல் பராகுவே நாட்டில் சரியான இனம் கண்டுபிடிக்கப்பட்டது. அதனோடு இருந்த குளவி ஆப்பிரிக்க மரவள்ளியைக் காப்பாற்றியது. அதே மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில் தென்பட்டு, பின்னர் நம் சேலம், நாமக்கல் மரவள்ளிக்கும் வந்தது. அதே இனக் குளவியைத்தான் நாமும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து 2022இல் வயலில் விட்டோம்.

கண்ணாடியே இல்லாத வளையம்

கிட்டத்தில் பார்க்க முதல் கருவி பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ். ஒவ்வொரு விவசாயியின் சட்டைப் பையிலும் அது இருக்க வேண்டும். ஆனால் கைலென்ஸில் நீங்கள் கண்டதை எனக்குக் காட்ட முடியாது. அதற்குப் படம் வேண்டும்.

செல்போனில் மாட்டும் கிளிப் லென்ஸ் ஓரளவு பயன்படும். அதைவிடத் தெளிவான படத்துக்கு ஒரு பழைய வழி இருக்கிறது. லென்ஸைக் கழற்றி மாட்டக்கூடிய கேமராக்களுக்கு 'எக்ஸ்டென்ஷன் டியூப்' என்ற வளையங்கள் கிடைக்கின்றன. 1990களில் என் ஆராய்ச்சிப் படிப்பின்போது பூச்சிகளைப் பிலிமில் எடுக்க இவைதான் கைகொடுத்தன. இவற்றில் கண்ணாடி எதுவும் இல்லை, வெறும் குழல்தான். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்ட வேண்டும்.

வெறும் குழல் எப்படிப் பெரிதாக்கும் என்று கேட்கலாம். லென்ஸ் உள்ளிருக்கும் சென்சாரிலிருந்து விலக விலக, அதனால் கிட்டத்தில் உள்ள பொருளைத் தெளிவாகக் காட்ட முடியும். சாதாரண 50 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 45 செ.மீ. தூரத்துக்கு உள்ளே நெருங்காது. அங்கிருந்து எடுத்தால் 1 செ.மீ. புழு சென்சாரில் ஒன்றரை மி.மீ. அளவே பதியும். அதே லென்ஸோடு 36 மி.மீ. வளையத்தை மாட்டினால் அரைச் சாண் தூரம் வரை நெருங்கலாம். புழு 7 மி.மீ. அளவுக்குப் பதியும். கணக்கு எளிது: வளையத்தின் நீளத்தை லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்தால், வளையத்தால் கிடைக்கும் பெருக்கம் தெரியும்.

ஆகவே 200 மி.மீ. போன்ற நீள லென்ஸில் அதே வளையம் ஐந்தில் ஒரு பங்கு கூடப் பெருக்கம் தராது. ஆனால் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி நின்றே எடுக்கலாம். கிட்டே போனால் பறந்துவிடும் தட்டான், வண்ணத்துப்பூச்சி, தேனீ இவற்றுக்கு அது ஏற்றது. அசையாத மாவுப்பூச்சிக்கும் முட்டைக்கும் 50 மி.மீ. லென்ஸே சிறந்தது.

கவனிக்க வேண்டியவை

• வளையம் உங்கள் கேமராவின் வகைக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும். மின்தொடர்பு இல்லாத வளையம் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். ஆனால் புதிய லென்ஸ்களின் துவாரத்தை அதில் மாற்ற முடியாது. துவாரத்தைக் கையால் திருகி மாற்றும் பழைய லென்ஸ் இருந்தால் அதுவே போதும். மின்தொடர்பு உள்ளவை சில ஆயிரம் ஆகும்.

• வெளிச்சம் குறையும். பூச்சியை அதன் உண்மை அளவுக்கே பதிய வைத்தால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். வெள்ளைத் தாள் அல்லது தெர்மாகோல் அட்டையைப் பக்கத்தில் பிடித்து வெயிலைத் திருப்புங்கள்.

• படத்தில் தெளிவாக விழும் ஆழம் ஓரிரு மி.மீ. மட்டுமே. துவாரத்தை 8 அல்லது 11இல் வையுங்கள். லென்ஸைத் திருகிக் கொண்டிராமல், கேமராவையே முன்னும் பின்னும் மெல்ல நகர்த்தித் தெளிவு பாருங்கள்.

• விடியற்காலையே உகந்த நேரம். காற்று இராது, பூச்சிகளும் மந்தமாக இருக்கும். ஆடும் கிளையை ஒரு குச்சி நட்டு, துணி மாட்டும் கிளிப்பால் பிடித்துக் கொள்ளுங்கள்.

• வளையம் மாட்டியிருக்கும்போது தூரக்காட்சி எடுக்க முடியாது. முழுச்செடியை முதலில் எடுத்துவிடுங்கள். மாட்டுவதையும் கழற்றுவதையும் வீட்டுக்குள் வைத்துக் கொள்ளுங்கள். வயல் தூசு உள்ளே போனால் கேமரா கெடும்.

• ஆலோசனைக்கு அனுப்பும்போது மூன்று படம் தேவை: முழுச்செடி, இலையின் அடிப்பக்கம், பூச்சியின் கிட்டப்படம். பூச்சிக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோல் அல்லது தீக்குச்சி இருக்கட்டும். பயிர், ரகம், வயது, தேதி, கடைசியாக அடித்த மருந்து இவற்றையும் எழுதுங்கள்.

எல்லாவற்றையும் படமே தீர்த்துவிடும் என்று சொல்ல மாட்டேன். மரவள்ளி மாவுப்பூச்சி இளஞ்சிவப்பாகவும், 2008இல் கோவைப் பகுதியில் தோன்றிய பப்பாளி மாவுப்பூச்சி மஞ்சளாகவும் இருக்கும். படத்தில் இந்த நிறம் தெரிந்தால் நல்ல தடயம். ஆயினும் இனத்தை உறுதி செய்ய ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் கீழ் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் "இன்று அடிக்கலாமா, பொறுக்கலாமா?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் நல்ல கிட்டப்படம் விடை சொல்லிவிடும்.

செய்ய வேண்டியது என்ன?

ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் கேமரா வாங்குவதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. செல்போன் வந்தபின் ஊர் ஸ்டுடியோக்களிலும் வீட்டு அலமாரிகளிலும் பழைய கேமராக்கள் சும்மா கிடக்கின்றன. ஊருக்கு ஒன்று போதும். உழவர் குழுவோ உற்பத்தியாளர் நிறுவனமோ ஒரு கேமராவையும் வளையங்களையும் பொதுவில் வைத்துக் கொள்ளலாம். படித்துவிட்டு ஊரில் இருக்கும் பிள்ளைகளில் ஒருவருக்குப் பழக்கிவிட்டால் போதும். கொய்யாவிலும் தென்னையிலும் ஒரே ஒரு தெளிப்பை மிச்சப்படுத்தினாலும் மருந்துச் செலவும் ஆள்கூலியும் மிச்சம்.

வட்டார வேளாண்மை விரிவாக்க மையங்களிலும் இந்த ஏற்பாடு இருக்க வேண்டும். அங்கே எடுத்த படங்களைச் சட்டம் போட்டுக் கூட்டுறவுச் சங்கச் சுவரில் மாட்ட வேண்டும். "இது நம் ஊர்ப் பூச்சி, இது பகை, இது நட்பு" என்று தமிழில் எழுதி வைக்க வேண்டும். எங்கோ எடுத்த படத்தைப் பார்ப்பதைவிட, தம் வயலில் எடுத்த படத்தை விவசாயி நம்புவார்.

என் துறை நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "பழகிய கண்ணுக்குப் பார்த்தவுடனே தெரியும்" என்று நாம் பெருமை பேசுகிறோம். வயலில் நின்று பார்க்கும்போது அது சரியாக இருக்கலாம். மங்கலான படத்தின் முன் பழகிய கண்ணும் பழகாத கண்ணும் ஒன்றுதான். தெரியாதபோது "தெளிவான படம் அனுப்புங்கள்" என்று சொல்வதில் வெட்கம் இல்லை. தெரியாமல் மருந்தின் பெயரை எழுதுவதுதான் வெட்கம்.

அந்தப் பழநி விவசாயியின் தோட்டத்துக்கு மறு ஆண்டு வண்டுகளை வாங்கிக் கொண்டு போய் விட்டேன். என் கேமராவை மாட்டி, பொறிவண்டின் புழு மாவுப்பூச்சியைத் தின்பதை எடுத்து அங்கேயே அவருக்குக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதையா சார் அன்னிக்குக் கொன்னோம்?" என்றார். 'கொன்னோம்' என்று அவர் என்னையும் தம்மையும் சேர்த்துச் சொன்னது அவருடைய பெருந்தன்மை. தவறு என்னுடையது.

விவசாய நண்பர்களே, அடுத்த முறை தெளிப்பானைத் தோளில் மாட்டும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். கைலென்ஸால் பாருங்கள். ஐயம் இருந்தால் படம் எடுத்துக் கேளுங்கள். ஒருநாள் பொறுப்பதால் பெரும்பாலும் பயிர் கெட்டுவிடாது. கொன்றுவிட்ட காவல்காரனை மறுநாள் திரும்ப அழைக்க முடியாது.