பிறந்தநாள் சோறு மட்டும் போதாது, பெற்றோரே

பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, வண்டலூர்ப் பக்கத்துப் பெற்றோரே, உங்களோடு கொஞ்சம் கோபமாகவே பேச வேண்டியிருக்கிறது.

நம் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் பக்கத்தில் இருக்கிற குழந்தைகள் இல்லத்துக்கு மதியச் சாப்பாடு சொல்லிவிடுகிறோம். அண்மையில் அப்படி ஒரு விருந்துக்கு நானும் போயிருந்தேன். இலையில் சோறு விழுந்த பிறகும் பிள்ளைகள் கை வைக்கவில்லை. யாரென்றே தெரியாத ஒரு குழந்தைக்கு வாழ்த்துப் பாடி முடித்த பிறகுதான் சாப்பிட்டார்கள். வந்தவர்கள் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள். பராமரிப்பில் உள்ள குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம் தடுக்கிறது. அது ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அம்மா அப்பா இல்லை, தத்தெடுக்க வழி உண்டா என்று ஒருவர்கூட விசாரிக்கவில்லை.

தத்து பற்றி நாம் பேசாமலா இருக்கிறோம்? கைக்குழந்தையா இருக்கணும், நல்ல நிறமா இருக்கணும், உடம்பில் ஒரு குறையும் இருக்கக் கூடாது, பெரிய பிள்ளை ஒட்டாது. திருமண மண்டபத்திலும் அடுக்குமாடிப் படிக்கட்டிலும் இதைத்தானே சொல்கிறோம்? நாம் இப்படிக் கழித்துக்கட்டும் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் தெரியுமா? நம் வீட்டு மாடியில் நின்றால் தெரியும் அதே விமானங்களில் ஏறிப் போகிறார்கள்.

2024–25இல் மத்திய தத்தெடுப்பு வள ஆணையமான காரா வழியாக நடந்த தத்துகள் 4,515. அவற்றில் 4,155 உள்நாட்டுக் குடும்பங்களுக்கு, மீதி வெளிநாட்டுக்கு. குழந்தையை முதலில் இந்தியக் குடும்பங்களுக்குத்தான் காட்ட வேண்டும் என்பது விதி. இங்கே யாரும் எடுக்காவிட்டால்தான் வெளிநாட்டார் முறை வரும். அதனால்தான் அப்படிப் போகிறவர்களில் வளர்ந்த பிள்ளைகளும், பிரிக்க முடியாத உடன்பிறப்புகளும், உடல்குறை உள்ளவர்களும் அதிகம்.

ஒரு காப்பகத்தில் வேலை பார்க்கும் என் உறவுக்கார அக்கா சொன்னது இது. காலில் பட்டை போட்டு நடக்கும் ஒரு சிறுவனை அழைத்துப்போக ஐரோப்பாவிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அவன் மருத்துவ அறிக்கையைத் தங்கள் ஊரிலேயே எலும்பு டாக்டரிடம் காட்டி, என்ன சிகிச்சை என்று கேட்டு எழுதி வைத்திருந்தார்கள். அந்த அம்மா தமிழில் சில சொற்கள் படித்துக்கொண்டு வந்திருந்தார். "பசிக்குதா?" என்றதற்குப் பையன் பேசவில்லை. காலைத் தொட்டு "வலிக்குதா?" என்றதும் "இல்ல" என்றானாம். அதே அறிக்கையை அதற்கு முன் நம் குடும்பங்களும் பார்த்து வேண்டாம் என்றிருக்கின்றன.

வெளிநாட்டுத் தத்தை நான் புனிதமாக்கவில்லை. வடசென்னைக் குடிசைகளிலிருந்து குழந்தைகளைத் திருடி, போலிப் பத்திரம் தயாரித்து, மலேசியன் சோஷியல் சர்வீசஸ் என்ற அமைப்பு வழியாக நெதர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பியதாக 2005இல் வழக்கு வெடித்தது. பிறகு சிபிஐ விசாரித்தது. அந்தத் தாய்மார்கள் பட்டது சொல்லி மாளாது. ஆனால் 2019இல் ராசிபுரத்தில் பச்சிளங்குழந்தைக்கு விலை பேசிய ஆடியோ வெளியானதே, அதை வாங்க நின்றவர்கள் வெளிநாட்டாரா? நம்மைப் போன்ற குழந்தையில்லாத குடும்பங்கள்தான். அன்று குடிசையில் கைவைத்தவனும், இன்று மருத்துவமனை வாசலில் நிற்கும் தரகனும் பிழைப்பது ஒரே ஆசையில்தான்: சின்னதாக, ஆரோக்கியமாக ஒரு குழந்தை, சீக்கிரம் வேண்டும். அந்த ஆசையை வைத்துக்கொண்டு தரகனை மட்டும் திட்டுவது நியாயமில்லை.

ஏழு வயதுப் பெண்ணைத் தத்தெடுத்த ஒரு குடும்பம் எங்கள் குடியிருப்பில் இருக்கிறது. அவர்களுக்கு நாம் என்ன மரியாதை செய்தோம்? பூங்காவில் அந்தக் குழந்தை காதுபடவே, "எங்கேருந்து எடுத்தீங்க? ஜாதி தெரியுமா?" என்று கேட்டோம். அவள் ஊஞ்சலை நிறுத்திவிட்டு அம்மா முகத்தைப் பார்த்தாள். இனி யாரும் அப்படிக் கேட்காதீர்கள். உங்கள் பிள்ளைகளையும் கேட்க விடாதீர்கள்.

மனசுள்ளவர்கள் காராவின் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். இல்லத்தில் போய் நேரடியாகப் பிள்ளையைத் தேர்ந்தெடுக்க முடியாது. குழந்தைகள் நலக் குழு தத்துக்கு உரியவர் என்று அறிவித்த பிள்ளைகள் மட்டுமே பட்டியலில் வருவார்கள். விவரத்துக்குச் செங்கல்பட்டு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகைக் கேளுங்கள். சொந்தப் பிள்ளை ஒன்று இருப்பவர்களும் எடுக்கலாம். கணவன் மனைவி வயதைக் கூட்டினால் 85ஐத் தாண்டுகிறவர்களுக்கு இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை கிடைக்காது. எட்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்கோ 110 வரை இடம் உண்டு. கைக்குழந்தைக்கு ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்பதை விட்டுவிட்டு, படிவத்தில் வயது கேட்கும் இடத்தில் பெரிய பிள்ளை என்று குறியுங்கள்.