முழங்கால் வலி சோம்பல் அன்று



கைப்பந்து என்றதும் நம் கண்கள் மாணவர்களின் கைகளையே நோக்குகின்றன. ஆனால், வலைக்கு மேல் எழும்பி அடிப்பதற்கும், தடுப்பதற்கும், தாழ்ந்து பந்தை எடுப்பதற்கும் கால்களே அடித்தளம். இதை அறிந்த நாம், பயிற்சி தொடங்கியவுடன் கையிலெடுப்பது தவளைப் பாய்ச்சலைத்தான். எத்தனை முறை குதித்தார்கள் என்று எண்ணுகிறோம். எப்படித் தரையிறங்கினார்கள் என்று பார்ப்பதில்லை.

நானும் அப்படித்தான் இருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன், சிமெண்டுத் தளத்தில் நடந்த பயிற்சியின்போது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி முழங்காலுக்குக் கீழே கையை அழுத்தியபடி நின்றாள். "சோம்பல் கூடாது" என்றேன். அவள் மறுமொழி கூறாமல் மீண்டும் குதித்தாள். இரண்டு வாரங்களுக்குப் பின்னரே மருத்துவர் வாயிலாக உண்மை தெரிந்தது. அது ஆஸ்குட்-ஷ்லாட்டர் எனப்படும், வளரும் பருவத்து முழங்கால் வலி.

ஒவ்வொரு குதிப்பின்போதும் தொடையின் முன்தசை, முழங்காற்சில்லுக்குக் கீழுள்ள தசைநாணை இழுக்கிறது. அந்நாண் பற்றியிருக்கும் எலும்புப் பகுதி இவ்வயதில் இன்னும் முழுமையாக இறுகியிருப்பதில்லை. ஓய்வின்றி இழுபட்டால் அவ்விடம் வீங்கி வலிக்கிறது. பளுவைக் குறைத்தால் பெரும்பாலும் வளர்ச்சியோடு தணிந்துவிடும்.

எனவே, கால் வலிமைப் பயிற்சியே வேண்டாம் என்பது என் கருத்தன்று. அதன் வரிசை மாற வேண்டும். முதலில் முழங்கால்களை மடக்கி, அவை உட்பக்கம் சாயாமல், ஓசையின்றித் தரையிறங்கக் கற்பிப்போம். அடுத்து, அரைக்குந்தல், படியேறி இறங்குதல், குதிகால் உயர்த்தல், ஒற்றைக்காலில் நிற்றல் ஆகியவற்றை 8 முதல் 10 முறை வீதம் இரண்டு சுற்றுகள் செய்யலாம். வாரத்திற்கு இரண்டு நாள்கள் போதும். இடையில் ஓய்வு வேண்டும். உயரக் குதித்தல் அதற்குப் பிறகே. இயன்றவரை புல்திடலைப் பயன்படுத்துவோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தாமதமாக வந்தவனுக்குத் தோப்புக்கரணத்தைத் தண்டனையாகக் கொடுத்துவிட்டு, மறுநாள் அதே அசைவைப் பயிற்சி என்றால் பிள்ளை எப்படி விரும்புவான்? தண்டனைக்கு அஞ்சும் பிள்ளை வலியையும் மறைப்பான்.

பெற்றோர்களே, பிள்ளை நொண்டினால் ஆசிரியரிடம் தயங்காமல் கூறுங்கள். ஆசிரியர்களே, அன்று அவனை அமரச் செய்யுங்கள். கிண்ணத்தை அடுத்த ஆண்டும் வெல்லலாம். "வலிக்கிறது, ஐயா" என்று துணிந்து சொல்லும் பிள்ளையின் நம்பிக்கையை இழந்தால், அதை மீட்பது எளிதன்று.

சிந்திப்போம், செயல்படுவோம்.