துண்டு விழும் பட்ஜெட்டும் சிறு விவசாயியும்

பட்ஜெட் வந்த மறுநாள் நம் விவசாயிகள் கேட்பது இரண்டே கேள்விகள். உர விலை ஏறுமா? கடன் தள்ளுபடி உண்டா? பற்றாக்குறை இத்தனை கோடி, அதை இத்தனை சதவீதமாகக் குறைக்கப் போகிறோம் என்ற செய்தியைப் பட்டணத்துக் கணக்கு என்று விட்டுவிடுகிறோம். அந்தக் கணக்கு நம் வாய்க்கால் வரை வருகிறது. பற்றாக்குறையைக் குறைக்க வேண்டியது அவசியந்தான். ஆனால் எதைக் குறைத்து அதைச் சரிக்கட்டுகிறார்கள் என்பதை விவசாயி கவனித்தே ஆக வேண்டும்.

இரு வகைக் கடன்

மத்திய அரசின் 2025-26 பட்ஜெட்டை எடுத்துக்கொள்வோம். மொத்தச் செலவு ரூ. 50.65 லட்சம் கோடி. கடன் நீங்கலான வரவு ரூ. 34.96 லட்சம் கோடி. துண்டு விழுவது ரூ. 15.69 லட்சம் கோடி. அதாவது ஒரு ரூபாய் செலவில் 31 காசு கடன். அதே ரூபாயில் 25 காசு பழைய கடனுக்கு வட்டியாகவே போகிறது.

கடன் வாங்குவதே தவறு என்று சொல்ல முடியாது. கிணறு வெட்டக் கடன் வாங்கினால், ஊறும் தண்ணீரே அந்தக் கடனை அடைத்துவிடும். அன்றாடக் குடும்பச் செலவுக்குக் கடன் வாங்கினால் வட்டிதான் வளரும். அரசுக்கும் இதே கதைதான். சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் ஆகிய அன்றாடச் செலவுக்கே வருமானம் போதாவிட்டால் அதை வருவாய்ப் பற்றாக்குறை என்கிறார்கள். தமிழகத்தில் 2013-14ல் தொடங்கிய இந்தப் பற்றாக்குறை 2020-21ல் ரூ. 61,320 கோடியை எட்டியது. 2021 ஆகஸ்டில் மாநில அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, குடும்பம் ஒன்றுக்கு ரூ. 2,63,976 பொதுக்கடன் என்று கணக்கிட்டது.

இதற்குக் கடிவாளம் போட 2003ல் நாடாளுமன்றமும் தமிழகச் சட்டமன்றமும் தனித்தனியே சட்டம் இயற்றின. கொரோனா ஆண்டான 2020-21ல் நாட்டு உற்பத்தியில் 9.2 சதவீதமாக இருந்த மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறைக்கு 2025-26ல் 4.4 சதவீதம் என்று இலக்கு வைக்கப்பட்டது. திசை சரியானதே.

விவசாயி வரி கட்டவில்லையா?

"விவசாயிக்குத்தான் வருமான வரி இல்லையே" என்று பலரும் சொல்வதுண்டு. ஆனால் கடைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் விவசாயி வரி கட்டுகிறார். உரத்துக்கு 5 சதவீதம் சரக்கு, சேவை வரி. பெரும்பாலான ரசாயனப் பூச்சி மருந்துக்கு 18 சதவீதம். டிராக்டருக்கும் சொட்டுநீர்க் கருவிகளுக்கும் 12 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்தது வரவேற்கத்தக்கது. வியாபாரி தான் கொடுத்த வரியைத் தன் கணக்கில் கழித்துக்கொள்வார். விவசாயிக்கு அந்த வழி கிடையாது.

டீசலைப் பாருங்கள். 2020 மே மாதம் மத்திய கலால் வரி லிட்டருக்கு ரூ. 31.83 ஆக உயர்ந்தது. பிறகு 2021 நவம்பரில் ரூ. 10, 2022 மே மாதத்தில் ரூ. 6 குறைத்தார்கள். 2021-22 பட்ஜெட்டில் வேளாண் உள்கட்டமைப்பு மேல்வரி என்ற பெயரில் டீசல் லிட்டருக்கு ரூ. 4 விதிக்கப்பட்டது. மற்ற வரிகளில் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு, மேல்வரியில் இல்லை. வாய்க்காலைப் பராமரிப்பதும் விரிவாக்கப் பணியாளரை நியமிப்பதும் மாநில அரசின் பொறுப்பு. விவசாயத்தின் பெயரால் வாங்கும் வரியில் விவசாயத்தை நடத்தும் மாநிலத்துக்குப் பங்கு இல்லை என்பது முறையல்ல.

எளிதில் வெட்டுப்படுவது எது?

பற்றாக்குறையைக் குறைக்க உட்காரும் அதிகாரி சம்பளத்தைத் தொட முடியாது. வட்டியையும் ஓய்வூதியத்தையும் நிறுத்த முடியாது. கைக்கு எளிதாக அகப்படுவது பராமரிப்பும் காலிப் பணியிடமுந்தான். வாய்க்கால் தூர் வாருவதை ஓர் ஆண்டு தள்ளிப்போட்டால் கணக்கில் அது மிச்சம். ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது. அங்குள்ள விவசாயி டீசல் எஞ்சின் வைத்து இறைப்பார். உதவி வேளாண்மை அலுவலர் பணியிடத்தை நிரப்பாவிட்டால் சம்பளம் மிச்சம். பயிரில் பூச்சி கண்ட விவசாயி மருந்துக் கடைக்காரரிடம் யோசனை கேட்டு, தேவையில்லாத மருந்தையும் சேர்த்து வாங்குவார். இங்கே பற்றாக்குறை குறையவில்லை. அரசின் ஏட்டிலிருந்து விவசாயியின் ஏட்டுக்கு மாறியிருக்கிறது. விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவதைச் சிக்கனம் என்று நாம் சொல்வதில்லை.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

இதில் நம் பங்கும் இருக்கிறது. 2025-26ல் உர மானியத்துக்கு ஒதுக்கியது சுமார் ரூ. 1.68 லட்சம் கோடி. 45 கிலோ யூரியா மூட்டைக்கு நாம் கொடுக்கும் விலையைப் போலப் பல மடங்கு அரசு கொடுக்கிறது. விலை மலிவு என்பதால் நெல்லுக்குத் தேவைக்கு மேல் யூரியா போடுகிறோம். பயிர் தழைத்துச் சாய்கிறது. புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் வருகின்றன. மண் பரிசோதனைப்படி அடியுரமும், இலை வண்ண அட்டையைப் பார்த்து மேலுரமும் இட்டால் விவசாயிக்கும் மிச்சம், அரசுக்கும் மிச்சம்.

அடுத்தது வருமானம். விவசாய வருமானத்துக்கு வரிவிலக்கு அளிப்பதில் இரண்டு ஏக்கர்காரருக்குப் பெரிய பயன் இல்லை. 2025-26 முதல் புதிய முறைப்படி ரூ. 12 லட்சம் வரை வருமானம் உள்ள சம்பளக்காரருக்கே வருமான வரி இல்லை. விலக்கின் முழுப் பலனும் பெருந்தோட்டக்காரருக்கும், வேறு தொழில் வருமானத்தை விவசாய வருமானமாகக் காட்டுபவருக்குமே போகிறது. 1972லேயே பேராசிரியர் கே.என். ராஜ் தலைமையிலான குழு, நிலத்தின் அளவையும் விளைதிறனையும் வைத்துப் பெரிய உடைமைகளுக்கு வரி போட யோசனை சொன்னது. அது நடைமுறைக்கு வரவில்லை. இந்த வரி விவசாயத்துக்கு மாநில அரசே விதிக்கக் கூடியது. வரும் பணமும் மாநிலத்துக்கே. பெரியவர்களுக்கு வரி என்றதும் சிறு விவசாயி பதறி முன்னால் நிற்க வேண்டியதில்லை.

ஆகவே விவசாயிகளுக்கு என் யோசனை இது. கிராம சபையில் தள்ளுபடி கேட்பதோடு நிறுத்தாதீர்கள். நம் ஏரிக்கும் வாய்க்காலுக்கும் இந்த ஆண்டு பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது என்று கேளுங்கள். உதவி வேளாண்மை அலுவலர் இடம் காலியாக இருந்தால் நிரப்பச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். கடையில் ரசீது இல்லாமல் உரமோ மருந்தோ வாங்காதீர்கள். நாம் கொடுக்கும் வரி கருவூலம் போய்ச் சேர அந்த ரசீதுதான் வழி. வரி கொடுப்பவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு.