குறியும் தீர்ப்பும்

நோயைக் கண்டறிவது டாக்டரின் தொழில். ஆனால் வீட்டிலே குழந்தை கொடுமைக்கு ஆளாகிறதா, இனி ஆளாகுமா என்பதையும் அவரே சொல்ல வேண்டுமென்று இக்காலத்தில் உலகம் எதிர்பார்க்கிறது. அவருடைய வாக்கை எவ்வளவு தூரம் நம்பலாம்?

1962-ஆம் ஆண்டில் அமெரிக்க டாக்டர் ஹென்றி கெம்ப்பும் அவருடைய சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்கு வரும் சிசுக்களில் சிலர் தவறி விழுந்தவர்களல்லர், பெற்றோராலேயே அடிக்கப்பட்டவர்கள் என்று அதில் எடுத்துக் காட்டினார்கள். பெற்றோர் இப்படியும் செய்வார்களா என்று டாக்டர்கள் பலர் நம்ப மனமின்றி இருந்த காலம் அது.

காணத் தவறுவது ஒரு பிழையென்றால், இல்லாததைக் காண்பது மற்றொரு பிழை. 1987-இல் இங்கிலாந்தில் கிளீவ்லந்து ஜில்லாவில், சில மாதங்களுக்குள் 121 குழந்தைகள் தகாத முறையில் தீண்டப்பட்டவர்கள் என்று டாக்டர்கள் முடிவு கூறினர். அநேகக் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். உடற்பரிசோதனையில் கண்ட ஒரு குறி அம்முடிவுகளில் பெரும் இடம் பெற்றிருந்தது. நீதிபதி எலிசபெத் பட்லர்-ஸ்லாஸ் விசாரித்து 1988-இல் அறிக்கை அளித்தார். அக்குறி சந்தேகத்துக்கு இடம் தரலாம், மேலும் விசாரிக்கத் தூண்டலாம். அது மட்டுமே சான்றாகாது என்பது அறிக்கையின் கருத்து. குழந்தைகளில் பெரும்பாலோர் வீடு திரும்பினர்.

நடந்ததை அறிவதே இவ்வளவு கடினமென்றால், நடக்கப்போவதை அறிவது எளிதா? உதாரணமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிறக்கும் 10,000 குழந்தைகளில் 100 பேருக்குக் கொடுமை நேருமென்று வைத்துக்கொள்வோம். ஒரு பரிசோதனை அவர்களில் 80 பேரைச் சரியாகக் காட்டுகிறது. எஞ்சிய 9,900 பேரில், பத்துக்கு ஒருவரைத் தவறாகச் சுட்டுகிறது. அதாவது, குற்றமற்ற 990 குடும்பங்கள் சந்தேகத்துக்கு உள்ளாகின்றன! சுட்டப்பட்ட 1,070 பேரில் உண்மையாக ஆபத்திலிருப்போர் ஏறக்குறைய பதின்மூவரில் ஒருவரே. அப்படியும் 20 குழந்தைகள் தப்பிப் போகின்றன.

பரிசோதனையே வேண்டாமென்பது இதன் பொருளன்று. காயம் ஒன்று சொல்ல, பெற்றோர் வேறொன்று சொன்னால், டாக்டர் வாளாவிருத்தல் கூடாது. தாமதம் உயிரைக் குடித்துவிடலாம். ஆனால் வெறும் அனுமானத்தால் சுட்டப்பட்ட குடும்பத்துக்கு அனுப்ப வேண்டியவர் தாதியே, போலீஸ்காரர் அல்லர். தாயின் களைப்பையும் வறுமையையும் கேட்டறிந்து கைகொடுக்கும் உதவி, அனுமானம் பொய்த்தாலும் பெருந்தீங்கு செய்யாது. பொய்த்த அனுமானத்தால் தாய்மடியை இழந்த குழந்தைக்கோ, எந்த அறிக்கையும் அந்த நாட்களைத் திருப்பித் தருவதில்லை.